முகத்தை ஒப்படைக்குமுன்...

ஆவடியில், காலை நேரத்து மின்சார ரயிலின் மாதர் பெட்டியில் ஒரு நாள் ஏறிப் பாருங்கள். அண்ணனூர் வருவதற்குள் வெங்காய விலை பேசி முடிந்துவிடும். திருமுல்லைவாயிலில் மாமியார்கள் ஏறி, அம்பத்தூரில் இறங்கிவிடுவார்கள். பேச்சில்தான் சொல்கிறேன்! பட்டரவாக்கம் தாண்டுகிற சமயம் பேச்சு முகத்துக்கு வந்து சேரும்.

"உன் மங்கு மறைந்துவிட்டதே, எங்கேடி காட்டினாய்?"

"லேசர் வைத்தால் சுடுமாமே, அக்கா?"

"போடாக்ஸ் என்பது விஷமாமே! விஷத்தையா காசு கொடுத்து நெற்றியில் ஏற்றிக் கொள்கிறார்கள்?"

சிரிக்க வேண்டாம். மூன்றும் நியாயமான கேள்விகள். மூன்றுக்கும் பதில் உண்டு.

முன்பெல்லாம் இந்தச் சமாசாரம் சினிமா நட்சத்திரங்களோடு நின்றது. இன்று அம்பத்தூர் ஓ.டி.யிலும், ஆவடி மார்க்கெட் பக்கத்திலும், பூந்தமல்லி டிரங்க் ரோட்டிலும், நகைக் கடைக்கும் ஜவுளிக் கடைக்கும் நடுவே "தோல், முடி, லேசர்" என்று பலகை தொங்குகிறது. கத்தி கிடையாது, தையல் கிடையாது, ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டாம். மத்தியானம் போனால் சாயங்காலம் காப்பி போட வீட்டுக்கு வந்துவிடலாம். இதுதான் இந்தச் சிகிச்சைகளின் கவர்ச்சி. அது வாஸ்தவமும்கூட. ஆனால், கத்தி இல்லை என்பதாலேயே இது வைத்தியம் அல்ல, அலங்காரம்தான் என்று நினைத்துவிடுகிறோம் பாருங்கள், அங்கேதான் வம்பு பிறக்கிறது. புருவம் திருத்திக்கொள்ள உட்காரும் அதே நாற்காலியில், முகத்தைச் சுட்டுவிடக்கூடிய கருவிக்கும் உட்கார்ந்துவிடுகிறோம்!

அம்மை வைத்த குழி

திருவேற்காட்டுக் கருமாரியம்மன் சந்நிதிக்குப் போய் வருகிறவர்களுக்கு அம்மையைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. நம் பாட்டிமார் காலத்தில், முகத்தில் அம்மைத் தழும்பு விழுந்த ஒருவராவது இல்லாத குடும்பம் அபூர்வம். பிழைத்ததே பெரிது, முகத்தைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்? பெண் பார்க்க வந்தவர்கள் கவலைப்பட்டார்கள்! 1975-ம் வருஷத்தோடு நம் நாட்டில் பெரியம்மை நின்றது; 1977-ல் அது ஒழிந்ததென்று சர்வதேச நிபுணர் குழு சான்று கொடுத்தது. ஆனால் சின்னம்மையும் முகப்பருவும் குழி தோண்டும் வேலையை இன்னமும் விடவில்லை.

இந்தக் குழி ஏன் எத்தனை கிரீம் தடவினாலும் நிரம்புவதில்லை, தெரியுமா? இலவம் பஞ்சு மெத்தையில் நூல் போட்டு இழுத்துக் கட்டிய இடம் பள்ளமாக இருக்கிறதல்லவா? அதே கதைதான். புண் ஆறும்போது தோலுக்கு அடியில் நார் போன்ற இழைகள் உண்டாகித் தோலைக் கீழே பிடித்து இழுத்துக் கொள்கின்றன. மேலே பூசும் எதுவும் அந்த நூலை அறுக்காது. ஆகவே டாக்டர்கள் மரத்துப்போக மருந்திட்டு, ஊசியொன்றைத் தோலுக்கு அடியில் செலுத்தி, அந்த இழைகளை அறுத்துவிடுகிறார்கள். நியூயார்க்கைச் சேர்ந்த ஓரன்ட்ரைக் என்ற தந்தையும் மகனுமான இரு டாக்டர்கள் 1995-ல் எழுதி வெளியிட்ட முறை இது. ஆழமான சிறு குழிகளுக்குக் குச்சி நுனியில் அமிலம் தொட்டு வைக்கிறார்கள். பரந்த தழும்புகளுக்கு நுண்ணிய ஊசிகள் பதித்த கருவியால் தோலில் பொட்டுப் பொட்டாகக் காயம் செய்கிறார்கள். காயத்தை ஆற்றப் புறப்படும் உடம்பு, கூடவே புதுக் கொலாஜன் நாரையும் கட்டிக் கொடுத்துவிடுகிறது. லேசரும் இதே போலப் புள்ளி புள்ளியாக வேலை செய்யும்.

ஒரே தடவையில் ஆகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மாதத்துக்கு ஒரு முறை, நாலைந்து முறை ஆகலாம். அப்படியும் குழி அடியோடு மறையாது; பாதி குறைந்தாலே வெற்றி என்றுதான் நல்ல டாக்டர் சொல்வார். "நூற்றுக்கு நூறு" என்கிறவரிடம் நான் ஊறுகாய்கூட வாங்க மாட்டேன்!

கறுப்புக் குடையும் வெள்ளை வேஷ்டியும்

இனி, சுடுமா என்ற கேள்வி. 1960-ம் வருஷம் அமெரிக்காவில் மெய்மன் என்பவர் முதல் லேசர் ஒளியை உண்டாக்கினார். சில வருஷங்களுக்குள்ளேயே அதைத் தோல் மேல் வைத்துப் பார்த்தார்கள். சுட்டது, தழும்பு விழுந்தது. பாஸ்டனைச் சேர்ந்த ஆண்டர்சன், பாரிஷ் என்ற இருவர் 1983-ல் ஒரு சூட்சுமம் சொன்னார்கள்: குறிப்பிட்ட நிறத்தை மட்டும் தேடிப் பிடிக்கும் ஒளியைத் தேர்ந்தெடுத்து, கண் இமைப்பதற்கும் வெகு குறைந்த நேரம் பாய்ச்சினால், வேண்டாததை மட்டும் எரித்துச் சுற்றுப்புறத்தை விட்டுவிடலாம் என்று. இன்றைய அழகு லேசர்கள் பெரும்பாலும் இந்தச் சூட்சுமத்தின் சந்ததிகள்.

அருமையான யோசனைதான். ஆனால் ஒரு சங்கடம். வெயிலில் கறுப்புக் குடை சூடேறுகிறது. வெள்ளை வேஷ்டி அவ்வளவு ஏறுவதில்லை. தோலிலும் முடியிலும் நிறம் தருவது மெலனின் என்ற ஒரே பொருள். வெள்ளைக்காரியின் முகத்தில் கறுத்த முடி இருந்தால், ஒளிக்கு வழியில் தடை இல்லை. நேரே முடியின் வேருக்குப் போகிறது. நம் முகத்திலோ ஒளி முதலில் சந்திப்பது தோலின் மெலனினை. "இது வேண்டாத முடி, இது வேண்டிய முகம்" என்று பிரித்துப் பார்க்க அந்தக் கருவிக்குத் தெரியாது. தெரிய வேண்டியது அதைப் பிடித்திருக்கும் கைக்கு.

இதில் ஒரு வேடிக்கை கேளுங்கள். வெயில் பட்டால் தோல் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற அமெரிக்க டாக்டர் 1975-ல் ஓர் அட்டவணை போட்டார். இன்றும் லேசர் வைக்குமுன் டாக்டர்கள் அதைத்தான் பார்க்கிறார்கள். முதலில் அதில் நாலே வகை. எல்லாம் வெள்ளைத் தோல்! மாநிறத்துக்கும் கறுப்புக்கும் ஐந்தாவது, ஆறாவது என்று பின்னால்தான் இடம் போட்டார்கள். நம்மில் பெரும்பாலோர் நாலிலும் ஐந்திலும் வருகிறோம். ஆகவே, வெளிநாட்டுக் கருவியை வெளிநாட்டுக் கணக்கிலேயே வைத்தால் நம் முகம் கணக்குக்குள் வருவதில்லை.

அப்பளம் பொரிக்கும்போது கையில் எண்ணெய் தெறிக்கிறது. கொப்புளம் நாலு நாளில் ஆறிவிடுகிறது. கறுப்புப் புள்ளி மட்டும் நாலு மாதம் போக மாட்டேன் என்கிறது. கொசுக்கடியும் அப்படித்தான். சூடு, சிராய்ப்பு, அமிலம் எதுவானாலும் நம் தோல் கறுத்துக் காட்டும். தப்பாக வைத்த லேசருக்கும், அளவு மீறிப் பூசிய அமிலத்துக்கும் பின்னால் முகத்தில் நடப்பது இதுவே. கையில் ஒரு புள்ளி என்பது முகத்தில் ஒரு கன்னம் ஆகிவிடுகிறது. அதற்காக, கிடைத்த தோலை நொந்துகொள்ள வேண்டாம். இதே மெலனின்தான் வெயிலைத் தாங்கி, சுருக்கத்தைத் தள்ளிப்போட்டு, தோல் புற்றுநோயையும் பெருமளவு தடுத்து நிற்கிறது.

மாநிறத்துக்கும் ஏற்ற லேசர்கள் உண்டு. 'என்.டி. யாக்' என்று ஒன்று. அதன் ஒளி மேல்தோலின் மெலனினிடம் அதிகம் சிக்காமல் ஆழமாக இறங்கும். தோலைக் குளிர வைத்துக்கொண்டே பாய்ச்சும் டயோடு லேசர்களும் உண்டு. எதுவானாலும் முதலில் காதோரம் ஓரிடத்தில் வைத்துப் பார்த்து, சில நாள் பொறுத்து, பிறகே முழு முகத்தில் வைப்பது முறை. "எந்த மெஷின்? முதலில் சோதித்துப் பார்ப்பீர்களா?" என்று கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்கிற இடத்தில் உங்களுக்கு வேலை இல்லை.

மங்கு

மங்கு சனிக்கும் இந்த மங்குக்கும் சம்பந்தம் இல்லை. பரிகாரம் செய்து பணத்தைக் கரைக்க வேண்டாம்! இரு கன்னங்களிலும், நெற்றியிலும், மேலுதட்டிலும் வண்ணத்துப்பூச்சி உட்கார்ந்தது போலப் படரும் கரு நிறம் இது. பிள்ளைத்தாய்ச்சிக் காலத்தில் வரும்; கருத்தடை மாத்திரையால் வரும்; வெயிலால் வளரும். அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு ஸ்கூட்டரில் போகிற பெண்கள் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொள்கிறார்களே, அது நல்ல வழக்கம்.

பாட்டி ஜாதிக்காயை உரைத்துப் பூசச் சொல்வாள், அதிமதுரத்தையும் சொல்வாள். அதிமதுரத்தைச் சொன்னது வீண் பேச்சல்ல. அதிலிருந்து பிரித்தெடுக்கும் கிளாப்ரிடின் என்ற பொருளை இன்று மங்குக்கான கிரீம்களில் சேர்க்கிறார்கள்.

மங்குக்கு வந்திருக்கும் இன்னொரு மருந்தின் கதை நாம் அனைவரும் அறியவேண்டியது. ஜப்பானில் உடாகோ ஒகமோட்டோ என்ற பெண் விஞ்ஞானி இருந்தார். பிரசவத்தில் ரத்தப்போக்கால் தாய்மார் சாவதைத் தடுக்க மருந்து காண வேண்டும் என்பது அவர் லட்சியம். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல், மகளை முதுகில் கட்டிக்கொண்டே சோதனைச்சாலையில் வேலை செய்தாராம். அவரும் கணவரும் சேர்ந்து 1962-ல் டிரானெக்ஸாமிக் அமிலத்தை உலகுக்கு அறிவித்தார்கள். அது தாய்மார் உயிரைக் காக்கிறதென்று இருபதாயிரம் பெண்களிடம் நடத்திய பரிசோதனையின் முடிவு 2017-ல்தான் வெளிவந்தது. அம்மையார் 2016-லேயே காலமாகிவிட்டார்! அந்த மருந்தே மங்கையும் மட்டுப்படுத்துகிறது என்பதை ஜப்பானியர் 1979-ல் தற்செயலாகக் கண்டார்கள். இன்று மாத்திரையாகவும், தோலுக்குள் நுண்ணிய ஊசியாகவும் கொடுக்கிறார்கள். ஆனால் உறைந்த ரத்தம் கரையாமல் தடுக்கும் இனத்தைச் சேர்ந்த மருந்து அது. காலில் ரத்தக்கட்டு வந்தவர்களும், கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்களும் அதை டாக்டரிடம் மறைக்கலாகாது.

மங்குக்கு லேசர் வேண்டாமா என்கிறீர்களா? எடுத்த எடுப்பில் வேண்டாம். லேசரில் வெளுத்த மங்கு, சில மாதத்தில் முன்னிலும் கறுத்துத் திரும்பிவருவது உண்டு. முதலில் தினமும் வெயில் தடுக்கும் கிரீம், மழைக் காலத்திலும்தான். அதிலும் லேசாக நிறம் சேர்த்து வருவது மேல். அந்த நிறத்திலுள்ள இரும்பு ஆக்சைடு, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தையும் தடுக்கும்; மாநிறத் தோலில் அந்த வெளிச்சமும் மங்கை வளர்ப்பதுதான்.

அந்தச் சின்ன டியூப்

ஊசியையும் லேசரையும் பற்றி இவ்வளவு பயந்து கேட்கிறோம். ஆனால் நம் பக்கத்துப் பெண்களின் முகத்தைச் சத்தமில்லாமல் கெடுத்து வருவது ஊசியும் அல்ல, லேசரும் அல்ல. மருந்துக் கடையில் சில்லறைக்கு வாங்கும் ஒரு சின்ன டியூப்!

நான் சொல்வது அழகு கிரீம் அல்ல. 1975-ல் கடைக்கு வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' தன் பெயரிலிருந்த 'ஃபேர்' என்ற சொல்லை 2020-ல் விட்டுவிட்டது. அந்தக் கதை வேறு. இது மருந்து. பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், க்ளோபெட்டசால் என்று பெயர். ஸ்டீராய்டு வகை. கரப்பான் முதலிய தோல் நோய்களுக்கு, டாக்டர் சொன்ன இடத்தில், சொன்ன நாளுக்கு மட்டும் போட்டால் கைகண்ட மருந்து. பக்கத்து வீட்டு அக்கா சொன்னாள், மருந்துக் கடைப் பையன் எடுத்துக் கொடுத்தான் என்று மாதக்கணக்கில் முகத்தில் தடவினால்...?

முதல் வாரம் பிரமாதமாக இருக்கும். பரு அமுங்கும், அரிப்பு நிற்கும், முகம் பளிச்சென்று வெளுக்கும். "என்னடி, கல்யாணக் களை வந்துவிட்டதே!" என்பார்கள். அதுதான் தூண்டில். சில மாதங்களில் தோல் வெங்காயச் சருகு போல மெலியும். உள்ளே சிவந்த நரம்புகள் நூல் நூலாகத் தெரியும். பரு முன்னைவிட மும்மடங்காக வரும். கன்னத்தில் முடி முளைக்கும். வெயிலில் வந்தால் முகம் எரியும். பயந்துபோய் நிறுத்தினால் ஒரேயடியாகச் சிவந்து கொதிக்கும். உடனே மறுபடி டியூப்பைத் தேடி ஓடுகிறோம். குடிகாரன் கதைதான், போங்கள்!

இந்தியத் தோல் மருத்துவர்கள் இந்தக் கோலத்துக்கு "ஸ்டீராய்டு கெடுத்த முகம்" என்றே ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். பல ஊர்களில் நடத்தி 2011-ல் வெளியான ஓர் ஆய்வில், முகத்துத் தோல் கோளாறோடு வந்த 2,926 பேரில் 433 பேர் இந்த வகைக் களிம்பைத் தடவிக்கொண்டிருந்தார்கள். அந்த 433 பேரில் 392 பேருக்கு அதனாலேயே கெடுதல் ஏற்பட்டிருந்தது. 126 பேர் அதைத் தடவியது வெளுப்புக்காகவோ, சாதாரண முகக் கிரீமாகவோ, சவரத்துக்குப் பின் பூசவோதான்! 2018-ல் மத்திய அரசு இத்தகைய 14 ஸ்டீராய்டுகளை 'ஷெட்யூல் எச்' பட்டியலில் சேர்த்தது. டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று அர்த்தம். டியூப்பின் மேலேயே பொடி எழுத்தில் அந்த எச்சரிக்கை இருக்கும். இன்றைக்கே உங்கள் வீட்டு அலமாரியிலிருந்து டியூப்பை எடுத்துப் படித்துப் பாருங்கள். ஏற்கெனவே தடவி வருகிறவர்கள், தாமாக ஏதும் செய்யாமல் தோல் டாக்டரிடம் அதைக் கையோடு கொண்டு காட்டுங்கள். மீட்க முடியும், மாதங்கள் பிடிக்கும்.

பெயர் ஊர் இல்லாத வெளுப்புக் கிரீம்கள் இன்னொரு ரகம். அவற்றில் பாதரசம் இருப்பதுண்டு. கேரளத்தில் மலப்புரம் பக்கத்தில் 2023-ல் சிலருக்குச் சிறுநீரகம் கெட்டதற்கு இத்தகைய கிரீமே காரணமென்று டாக்டர்கள் கண்டுபிடித்தார்கள். வெளுக்கச் செய்வதாகக் கையில் ஏற்றும் குளுட்டாதியோன் மருந்துக்கும் அந்தக் காரியத்துக்கென்று நம் நாட்டில் அனுமதி கிடையாது.

நெற்றிக் கோடும் பச்சைக் குத்தும்

விஷக் கேள்விக்கு வருவோம். வாஸ்தவம், போடாக்ஸ் விஷம்தான். கெட்டுப்போன இறைச்சியில் வளரும் கிருமி உண்டாக்குவது. தசையை அசையவிடாமல் செய்வது அதன் குணம். அந்தக் குணத்தையே துளித் துளியாக அளந்து, மாறுகண்ணுக்கும், ஓயாமல் துடிக்கும் இமைக்கும் மருந்தாக்கினார்கள். கனடாவில் வான்கூவர் நகரத்தில் ஜீன் கருதர்ஸ் என்ற கண் டாக்டர் அம்மாள், இமைத் துடிப்புக்கு அந்த ஊசி போட்டு வந்தார். 1987-ல் ஒரு நோயாளி, "இந்தத் தடவை ஏன் புருவத்தில் போடவில்லை? போட்டால் முகம் கவலையில்லாமல் இருக்கிறதே!" என்று குறைப்பட்டுக்கொண்டாராம். அம்மாள் வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொன்னார். கணவர் தோல் டாக்டர்! 1992-ல் இருவரும் சேர்ந்து கட்டுரை எழுதினார்கள். 2002-ல் அமெரிக்க அரசு புருவ நடுக் கோடுகளுக்கு அதை அனுமதித்தது. சமையலறைப் பேச்சில் பிறந்த வைத்தியம் என்று சொன்னால் தப்பில்லை.

மூன்று நாலு மாதம் நிற்கும்; பிறகு கோடு திரும்பும். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் வேண்டாம். என் சொந்த அபிப்பிராயம், நாற்பது வயதுக்கு முன் இதைப் பற்றி யோசிப்பதே அனாவசியம்.

ஒட்டிய கன்னத்தையும் கண்ணடிப் பள்ளத்தையும் நிரப்ப ஹயலுரானிக் அமிலம் என்ற ஜெல்லை ஊசியில் ஏற்றுகிறார்கள். ஜெல் தவறிப்போய் ரத்தக் குழாயில் நுழைந்தால் தோல் அழுகலாம். அபூர்வமாகக் கண் பார்வையே போகலாம். அதைக் கரைக்கும் மாற்று மருந்து உண்டு. அதைக் கையில் வைத்திராத இடத்தில் இந்த ஊசிக்கு முகத்தைக் காட்டவே கூடாது.

முகத்தில் வேண்டாத முடி முளைக்கிற பெண்களுக்குப் பூலாங்கிழங்கும் கஸ்தூரி மஞ்சளும் தாய் வீட்டுச் சீதனம். மோவாயில் கறுத்துத் தடித்து வந்தால், முதலில் பார்க்க வேண்டியது முடியை அல்ல, மாத விலக்கு ஒழுங்காக வருகிறதா என்பதை. சினைப்பைக் கோளாறு உள்ளே இருக்க, வெளியே லேசர் வைத்து என்ன பயன்? அதைக் கவனித்துக்கொண்டு லேசரும் வைத்தால் ஆறேழு முறையில் வெகுவாகக் குறையும். நரைத்த முடிக்கு லேசர் பலிக்காது. அதில் ஒளி தேடும் கறுப்பு இல்லையே!

பச்சைக் குத்துக்கு மட்டும் லேசர் மெய்யாகவே மாயம் செய்கிறது. ஆவடி டாங்கிகள் செய்கிற ஊர் மட்டுமல்ல. மத்திய ரிசர்வ் போலீஸ் முகாம், விமானப்படை நிலையம், தமிழ்நாடு சிறப்புக் காவல் படை எல்லாம் அங்கே இருக்கின்றன. சீருடை ஆசை உள்ள பிள்ளைகளும் பெண்களும் அந்தப் பக்கம் நிறைய. மத்தியப் போலீஸ் படைகளின் மருத்துவ விதியோ கண்டிப்பானது: சல்யூட் அடிக்காத இடது முன்கையின் உட்பக்கம் போன்ற இடங்களில், அதுவும் அந்த உறுப்பில் கால் பங்குக்கு மிகாமல்தான் பச்சை இருக்கலாம். பதினெட்டு வயதில் வலக்கையில் பெயர் குத்திக்கொண்ட பிள்ளை இருபத்தொன்றில் விழிக்கிறான்! கறுப்பும் நீலமும் லேசரில் நன்றாக உடைந்துபோகும். உடைந்த துகளை உடம்பே அள்ளிக்கொண்டு போய்விடும். பச்சை, மஞ்சள் வண்ணங்கள்தான் பிடிவாதக்காரர்கள். ஒன்றரை இரண்டு மாத இடைவெளியில் பல முறை வைக்க வேண்டும். உடற்பரிசோதனைக்கு முந்தின வாரம் ஓடினால் நடக்காது.

ஊசி பிடிக்கும் கை

அமெரிக்காவில் நியூ மெக்ஸிகோ மாகாணத்தில், உரிமம் இல்லாத ஓர் அழகு நிலையத்தில், அவரவர் ரத்தத்தையே எடுத்துப் பிரித்து முகத்தில் ஏற்றும் சிகிச்சை செய்து வந்தார்கள். அங்கே சிகிச்சை பெற்றவர்கள் சிலருக்கு எய்ட்ஸ் கிருமி தொற்றியதாக அந்நாட்டு அரசின் நோய்த் தடுப்பு மையம் 2024-ல் அறிவித்தது. ஒரு முறையே உபயோகிக்க வேண்டியவற்றைத் திரும்ப உபயோகித்திருக்கிறார்கள்! அவ்வளவு தூரம் போவானேன்? 2016-ல் நம் சென்னையிலேயே, தலையில் முடி நட்டுக்கொள்ளப் போன மருத்துவக் கல்லூரி மாணவர் ஒருவர் உயிரிழந்தார். டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்த பிள்ளையே அப்படியென்றால், நாம் எத்தனை கேள்வி கேட்க வேண்டும்?

சுவரில் தொங்கும் கண்ணாடி போட்ட சான்றிதழைக் கண்டு மயங்காதீர்கள். சில வாரப் பயிற்சிக்கும் கண்ணாடி போடலாம். எம்.பி.பி.எஸ்.ஸுக்கு மேல் தோல் வைத்தியத்துக்கென்று எம்.டி. அல்லது டிப்ளமா உண்டு, டி.வி.எல். என்ற எழுத்துக்கள் அதில் வரும். மருத்துவக் கவுன்சிலில் பதிவெண் இருக்கும். "டாக்டர் இருக்கிறாரா?" என்று கேட்பது போதாது, "ஊசியை யார் பிடிப்பார்கள்?" என்று கேளுங்கள். உங்கள் கண்ணெதிரே பிரிக்காத மருந்துக் குப்பி, பிரிக்காத ஊசி. குப்பியின் லேபிளைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பத்துச் சிட்டிங்குக்கு இன்றே மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். புடவையா என்ன, தள்ளுபடியில் எடுக்க?

செலவுக்குப் பயந்து மருந்துக் கடை டியூப்பிலேயே காலம் தள்ளுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் போகிற பஸ் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி வழியாகத்தான் போகிறது. ஆவடி, அம்பத்தூர் ரயில் சென்டிரலில் நின்றால், அடுத்தாற்போல அரசுப் பொது மருத்துவமனை. இரண்டிலும் தோல் நோய்ப் பிரிவு உண்டு. முகம் கெட்டது எதனால் என்று பார்த்துச் சொல்ல அங்கே எம்.டி. படித்தவர்கள் இருக்கிறார்கள். புற நோயாளிச் சீட்டுக்குக் காலையிலேயே போய்விடுங்கள், டியூப்பை மறக்காதீர்கள்.

கல்யாணப் பெண்ணின் தாயாருக்குத் தனியாக ஒன்று. பருவுக்கு ஐசோட்ரெடினாயின் என்ற மாத்திரை கொடுக்கிறார்கள். அதைச் சாப்பிடும்போதும், நிறுத்தி ஒரு மாதம் வரையிலும் கருத்தரிக்கவே கூடாது. சிசுவுக்கு ஊனம் நேரும். கல்யாணத் தேதி குறித்தாகிவிட்டது என்பதை வெட்கப்படாமல் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தையில் முகூர்த்தமென்றால் மார்கழியில் ஓடுவதில் பிரயோஜனம் இல்லை. பரு வடுவுக்கு மாதம் ஒரு முறையாக ஐந்து முறையும், தோல் ஆற ஒரு மாதமும் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆடியில் ஆரம்பித்தால் சரியாக இருக்கும். அந்த மாதத்தில் கல்யாண வீட்டு அழைப்பும் வராது, வெயிலில் மண்டபம் மண்டபமாக அலையவும் வேண்டாம்.